சட்டைப் பையில் ஓர் ஓடு

கூட்டத்தோடு ஊர் பார்க்கப் போனால் காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும் எனக்கு. பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒரு பேருந்து நிறைய ஆட்களோடு போய்வந்ததில், அங்கே பார்த்த கடாரத்தின் எச்சங்களைவிட மதியம் சாப்பிட்ட மீ கோரிங்தான் நினைவில் நிற்கிறது. அதனால், ஜொகூர் லாமாவுக்கு எட்டே பேர் போகும் தொல்லியல் பயணம் என்றதும் பெயர் கொடுத்தேன். எட்டுப் பேர் என்றால் நழுவுவது எளிது என்றும் ஒரு கணக்கு.

கோத்தா திங்கியில் பசியாறிவிட்டு வேனில் கிளம்பினோம். 1511இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனபின், அங்கிருந்த அரச பரம்பரை ஜொகூர் ஆற்றோரம் அமைத்த தலைநகரங்களில் ஒன்று ஜொகூர் லாமா. 1587இல் அதையும் போர்த்துகீசியர் அழித்தார்கள். இன்று பார்த்தால் புல் மூடிய ஒரு மண் அரண்தான். வழிகாட்டியாக வந்த அண்ணன் அந்த மேட்டின் முன் முக்கால் மணி நேரம் நின்று பேசினார். மண்மேட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நான் ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டேன்.

நீர் வற்றியிருந்த நேரம். சேற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பீங்கான் ஓடு மின்னியது. வெள்ளையில் நீலக் கோடு, பாதி இதழ் போல. சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டில் பெருமை தாங்கவில்லை. எங்களோடு வந்திருந்த, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடம் எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க கெடந்துச்சு தம்பி?”

“ஆத்தோரம்தான் டீச்சர்.”

“ஆத்தோரம்னா? மேட்டுக்கு நேர் கீழயா, தள்ளியா? சேத்து மேல கெடந்துச்சா, கரை இடிஞ்ச எடத்துலயா?”

எனக்குப் பதில் வரவில்லை. பார்த்த இடம் எதுவும் மனதில் இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்பதை மட்டும்தான் கவனித்திருந்தேன்.

வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. கார்ட்னர் என்பவரின் கதையைச் சொன்னார். பின்னாளில் இங்கிலாந்தில் ‘விக்கா’ என்ற மந்திரச் சமயத்தைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், அதற்கு முன் ஜொகூரில் சுங்க அதிகாரி. இந்த ஆற்றில் கிடைத்த பழைய மணிகளை வைத்து, மலாயாவுக்கும் ரோமப் பேரரசுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்தது என்று 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். “மணி எங்க செஞ்சதுன்னு மணியே சொல்லலாம். எப்ப இந்தக் கரைக்கு வந்துச்சுன்னு மண்ணுதான் சொல்லணும்” என்றார். ஒரு மணி பல தலைமுறை கைமாறி வரலாம். கூடக் கிடந்த ஓடு, மேலே மூடிய மண், கீழே இருந்த சாம்பல் இவையெல்லாம் சேர்ந்தால்தான் அதற்குக் காலம் உண்டு. 1960இல் இங்கே அகழ்ந்தவர்கள் குழிகளை வரைபடத்தோடு பதிவு செய்ததும் அதற்காகத்தான். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி இப்படிக் கிடைத்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேன் கிளம்புமுன் வழிகாட்டியோடு ஆற்றுக்கு இறங்கினேன். நீர் ஏறியிருந்தது. என் காலடித் தடம்கூட இல்லை. “இங்கதான்” என்றேன், பத்தடி தள்ளி மறுபடியும் “இங்கதான்” என்றேன்.

இத்தனை நாள் சுயமாகப் பயணம் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். யோசித்தால், கூட்டத்தை விட்டு விலகியதைத் தவிர நான் சுயமாக எதுவும் செய்யவில்லை. கூட்டத்தோடேயே நின்ற டீச்சர்தான் அன்று சொந்தமாக ஒரு கேள்வி கேட்டார்.

அந்த வாரமே அருங்காட்சியகத்தில் ஓட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் கேட்ட முதல் கேள்வியும் டீச்சர் கேட்டதுதான். “ஜொகூர் லாமா, ஆற்றோரம்” என்று எழுதிக்கொண்டு, அடுத்து நான் ஏதாவது சொல்வேன் என்று பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்.