ரிட்டயர்டு ஹர்ட்

கிளப் ஆண்டறிக்கைக்குப் பெண்கள் அணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் செயலாளர். 11 ஆட்டம், 3 வெற்றி, 8 தோல்வி. ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. மிச்சப் பக்கத்துக்காக ஸ்கோர் நோட்டைப் புரட்டினேன்.

மே மாத ஆட்டமொன்றில் எங்கள் ஓப்பனர் 31 ரன்னில் 'ரிட்டயர்டு ஹர்ட்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவளுக்கு அடி எதுவும் படவில்லை. எங்கள் மைதானத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குச் சுற்றுச்சுவர் போதும். நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். அன்று அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, கண் இருட்டியது, பிட்ச்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலை நீட்டினேன். ஒரு மடக்குதான் குடித்தாள். "இன்னும் மூணு மணி நேரம் இருக்கேக்கா" என்றாள். 6 ரன்னில் தோற்றோம்.

பந்தும் அப்படித்தான். பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம். எங்களுக்குப் பயிற்சிக்குக் கிடைப்பதோ ஆண்கள் அடித்துத் தேய்த்த, 155 கிராமுக்கு மேற்பட்ட பந்து. 2013 உலகக் கோப்பையில் சதமடித்த திருஷ் காமினியின் பெயரை மட்டும் ஆண்டுவிழா மேடையில் தவறாமல் சொல்வார்கள்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். "சீசனைப் பத்தி மட்டும் எழுதும்மா" என்று திருப்பித் தந்தார்.

"இதுதான் சார் சீசன்."

அவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கோர் நோட்டை எடுத்தேன். 'ஹர்ட்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தண்ணீர் குடிக்கவில்லை' என்று எழுதினேன்.