நம் ஊர் மலை இங்கேயும்



டோம்பிவிலி கிழக்கில் உயர்ந்த மாடிகளில் குடியிருக்கும் விசுவாசிகளின் வீடுகளுக்கு ஜெபத்திற்காகச் செல்லும்போது, ஜன்னலண்டை நிற்கும் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "தூரத்தில் தெரிகிற அந்த மலையின் பெயர் என்ன?" அநேகமாக ஒருவருக்கும் தெரிவதில்லை. பெற்றோருக்கும் தெரிவதில்லை. அது மலங்கட். தினமும் பல் துலக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் கண்ணில் படுகிற மலைக்குப் பெயர் தெரியாமலே பத்து, இருபது வருடங்கள் கழிந்துவிடுகின்றன.

"உங்கள் ஊர் எது?" என்று அதே பிள்ளைகளைக் கேட்டால் தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு, நாகர்கோவில் என்று தகப்பனாருடைய ஊரைச் சொல்லுகிறார்கள். சொல்லும்போதே ஒரு தயக்கம் தெரிகிறது. கோடை விடுமுறையில் பத்து நாட்கள் மட்டுமே பார்த்த இடத்தைத் தம்முடைய ஊர் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. மராத்தி பேசுகிற இந்த நகரத்தைத் தம்முடையது என்று சொல்லவும் துணிவில்லை. தகப்பன்மாரோ, "நம்ம ஊரில் மலை உண்டு, அருவி உண்டு; இங்கே கட்டடத்தையும் கூட்டத்தையும் தவிர என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

அன்பானவர்களே, பூகோளப் படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். தப்தி நதிக்குத் தெற்கே தொடங்கி, பாலக்காட்டில் மாத்திரம் ஓர் இடைவெளி விட்டு, ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளத்திற்குக் கன்னியாகுமரி வரை செல்லும் ஒரே மலைத்தொடர் அது. இங்குள்ளவர்கள் அதைச் சஹ்யாத்ரி என்கிறார்கள். நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். யுனெஸ்கோ நிறுவனம் 2012ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் இதனையே. குற்றாலத்தில் சாரல் போடுகிற தென்மேற்குப் பருவக்காற்றுதான் சில நாட்கள் கழித்து இங்கேயும் வந்து மோதுகிறது. நீங்கள் பிறந்த மலையை விட்டு வந்துவிட்டதாக எண்ணுகிறீர்கள். அதன் மறுமுனையில்தான் குடியிருக்கிறீர்கள். இதை வீட்டில் பேசி முடிப்பதைவிட, ஒரு நாள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டுவது மேல்.

இவ்விடத்தில் சிலருடைய மனதில் எழும் கேள்வியை நான் அறிவேன். "ஊர் சுற்றுவது உலகப்பிரகாரமான காரியம் அல்லவா, பாஸ்டர்?" நம்முடைய கர்த்தர் ஜனக்கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனித்திருந்து ஜெபிக்க மலைக்குச் சென்றதை மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சாப்பிடவும் நேரமற்றிருந்த சீஷர்களைச் சற்று இளைப்பாற அழைத்ததை மாற்கு 6ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். காலை ஐந்தே முக்கால் வண்டிக்கு ஓடி, இரவு பத்து மணிக்குத் திரும்பி, தூங்குகிற பிள்ளையின் முகத்தை மாத்திரம் பார்க்கிற தகப்பனுக்கு, வருடத்தில் இரண்டொரு நாள் தன் குடும்பத்தோடு மலைப்பாதையில் நடப்பது பாவமென்று என்னால் போதிக்க இயலாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று ஆராதனை உண்டு. போதாதற்கு மத்திய ரயில்வேயின் மெகா பிளாக்கும் உண்டு. இரண்டாம் சனிக்கிழமையோ, அக்டோபர் 2, ஜனவரி 26 போன்ற விடுமுறை நாளோ உகந்தது.

முதலாவது மாத்தேரான். டோம்பிவிலியில் கர்ஜத் அல்லது கோபோலி செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். நாம் அன்றாடம் நசுங்குகிற திசைக்கு எதிர்த்திசை இது. பத்லாபூர் தாண்டியதும் வலப்புற ஜன்னலில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். வாங்கணி, ஷேலு, அடுத்தது நேரள். ஒரு மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம்.

1850ஆம் ஆண்டு தாணே கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் என்னும் ஆங்கிலேயர் இந்த மலையை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் நேரளிலிருந்து 21 கிலோமீட்டர் நீளத்திற்கு இரண்டடி அகலக் குட்டி ரயில் பாதை அமைத்து 1907இல் முடித்தார்கள். 2005 ஜூலை 26ஆம் தேதியை நம்மில் யார் மறப்போம்? அந்தப் பெருமழை இப்பாதையையும் அரித்துக்கொண்டு போயிற்று. 2007இல்தான் வண்டி மறுபடியும் ஓடியது. மழைக்காலத்தில் நேரளிலிருந்து குட்டி ரயில் ஏறுவதில்லை. மற்ற மாதங்களிலும் அதில் இடம் கிடைப்பது அரிது. அதை நம்பிப் புறப்பட வேண்டாம். பங்கு டாக்சியில் தஸ்தூரி வரை சென்று, அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்துவிடுங்கள். தஸ்தூரிக்கு மேல் கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. பிறந்தது முதல் ஹாரன் சத்தமில்லாத ஒரு மணி நேரத்தை அறியாத பிள்ளைகள் அங்கே முதலில் சற்றுத் திகைத்துப்போவார்கள்.

சுமார் 800 மீட்டர் உயரம். வழியெல்லாம் சிவந்த புழுதி. சாத்தான்குளம் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்குப் பழக்கமான நிறம். வெள்ளை உடையில் ஆலயத்துக்குச் செல்வதுபோல் புறப்பட்டு வந்துவிடாதீர்கள். கையில் பிஸ்கட் பொட்டலம் தெரிந்தால் குரங்குகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். சார்லட் ஏரிக்கரையில் அமர்ந்து கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிடலாம். அந்த ஏரி அவ்வூராருக்குக் குடிதண்ணீர் என்பதால் கை கழுவுவதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லூயிசா முனையில் நின்றால் எதிரே பிரபல்கட் கோட்டைமலை செங்குத்தாக நிற்கும். அதிகம் நடக்கக் கூடியவர்கள் வடகோடியிலுள்ள பனோரமா முனைக்குச் செல்லுங்கள். கீழே நேரள் தீப்பெட்டிகளாகத் தெரியும். வந்த ரயில் பாதை கோடாகத் தெரியும். வயல்களின் நடுவே உல்ஹாஸ் நதி வளைந்து செல்லும். வடமேற்கே வரிசையாக நிற்கும் மலைகளில் மலங்கட்டும் உண்டு. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த மலையின் மறுபக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஒருமுறை எங்கள் சபைக் குடும்பங்களோடு அங்கே நின்றபோது, தென்காசிப் பக்கத்து வயதான தாயார் ஒருவர் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "ஐயா, இது நம்ம குத்தாலத்து மலை மாதிரில்லா இருக்கு" என்றார். "அதே மலைதான், அம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. பள்ளியில் படிக்கும் பேரன்தான் படம் வரைந்து விளக்கினான். மும்பைக்கு வந்து நாற்பது வருடமான அந்தத் தாயார், அன்று மாலை வண்டியில் பேரனுக்குத் தம்முடைய ஊர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாறை மாத்திரம் வேறு. இங்குள்ளது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கரும்பாறை. அதனால்தான் மலைச்சரிவுகள் படிக்கட்டு வெட்டியதுபோல் தெரிகின்றன. சரிவுகளில் புதர் புதராக வளரும் கார்வி என்ற செடி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதா நிறத்தில் பூக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம்முடைய குறிஞ்சியின் நெருங்கிய உறவு அது. அதன் குச்சிகளை வரிந்து மண் பூசித்தான் மலைவாழ் ஜனங்கள் சுவர் எழுப்புகிறார்கள். மே மாதத்தில் அவர்கள் இலைத் தொன்னையில் கொண்டுவரும் கரவந்தா நம்முடைய களாப்பழமே. பேரம் பேசாமல் வாங்குங்கள். மாத்தேரானுக்கு அருகேயுள்ள இர்ஷாள்வாடி என்ற அவர்களுடைய குக்கிராமம் 2023 ஜூலை 19 இரவில் நிலச்சரிவில் புதைந்துபோனது. நமக்கு ஒரு நாள் காட்சியாயிருக்கிற மலையில் வருடமெல்லாம் வாழ்கிறவர்கள் அவர்கள்.

ஆகையால் மழைக்காலத்தைக் குறித்துக் கண்டிப்பாய் எழுதுகிறேன். ஜூன் பிறந்ததும் வாலிபர் ஐக்கியத்தார், "பாஸ்டர், அருவிக்குப் போவோம்" என்று வருகிறார்கள். குற்றாலத்தில் குளித்துப் பழகிய குடும்பங்களுக்கு அருவி என்றால் பயமில்லை. இங்கே கம்பி இல்லை, காவலர் இல்லை, அபாய மணி இல்லை. மேலே பெய்கிற மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. 2024 ஜூன் 30ஆம் தேதி லோணாவளாவில் பூசி அணைக்கு அருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர், பிள்ளைகள் உட்பட, பலர் கண்முன்பாக அடித்துச் செல்லப்பட்டார்கள். பல அருவிகளுக்கு மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. தடையை மீறிச் சென்று, "கர்த்தர் காப்பார்" என்று சொல்லுவது விசுவாசம் அல்ல. தேவாலயத்து உப்பரிகையின்மேல் பிசாசானவன் நம் ஆண்டவரிடத்தில் கேட்டதும் அதுவே. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மழை ஓய்ந்த பசுமையும் இருக்கும், பாதையும் உலர்ந்திருக்கும்.

கால் வலுவுள்ள வாலிபருக்குக் கர்னாளா. பன்வேல் சென்று, அங்கிருந்து கோவா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பறவைகள் சரணாலயத்தின் வழியாகக் கோட்டைக்கு ஏற வேண்டும். உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்தியதுபோல் ஒரு பாறைத்தூண். அதில் தேனடைகள் உண்டு, ஆகவே கூச்சலும் புகையும் கூடாது, தூணின்மேல் ஏறவும் கூடாது. தெளிந்த நாளில் மேற்கே கடல் மினுங்கும். இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிறவர்கள் தாமே சொல்லுவார்கள்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் நான் சொல்லுவது வசய். மாத்தேரான் உச்சியில் நீங்கள் பார்த்த உல்ஹாஸ் நதி ராஜ்மாச்சி மலைப்பக்கத்தில் பிறந்து, கர்ஜத், பத்லாபூர், கல்யாண் வழியாக நம்முடைய டோம்பிவிலி மேற்கின் ஓரமாய்ச் சென்று, வசய் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. நம் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த நதியின் தண்ணீரும் அதன் கிளையான பார்வியின் தண்ணீருமே. மலையைக் காட்டிய பிள்ளைகளுக்கு அது சேரும் இடத்தையும் காட்ட வேண்டாமா?

நமக்கு அடுத்த நிலையமான கோப்பரின் மேல்தளத்தில் திவா - வசய் ரோடு வண்டி நிற்கும். பிவண்டி, காமண் பக்கத்து வயல்களையும் உப்பங்கழிகளையும் கடந்து செல்லும் இப்பயணமே ஒரு காட்சி. வசய் ரோட்டில் இறங்கி மேற்கே கோட்டைக்குப் பேருந்து உண்டு. 1534இல் குஜராத் சுல்தான் பகதூர்ஷா இவ்விடத்தைப் போர்த்துக்கீசியருக்கு விட்டுக்கொடுத்தார். 1739இல் சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் நீண்ட முற்றுகைக்குப்பின் கைப்பற்றினார்கள். மதில்களுக்குள் கூரையிழந்த ஆலயங்கள் நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. பீரங்கியோடு வந்தவர்களின் ஆலயங்கள் இடிந்தன. ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் கிறிஸ்தவ ஜனங்கள் தங்கள் பேச்சுமொழியையும் ஜெபத்தையும் விடாமல், மராத்தியிலும் ஆராதித்து, இன்றும் வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ் பேச மறுக்கும் பிள்ளைகளை உடையவர்கள் இதைச் சற்றுக் கவனியுங்கள்.

கோட்டையைச் சுற்றிப் பனைமரங்கள். ஆம், நம்முடைய பனையேதான். வெயில் ஏறும் மார்ச், ஏப்ரலில் சென்றால் தாட்கோளா என்று கூவி விற்பார்கள். வாங்கிப் பார்த்தால் நுங்கு. கழிமுகத்துக் கரையில் மீனவர்களின் படகுகள் வண்ணக் கொடிகளோடு நிற்கும். மாலையில் நீர் வற்றும்போது சேற்றில் இறங்க வேண்டாம்; கரையிலிருந்தே பார்க்கலாம்.

கோப்பர் திரும்பும் வண்டிகள் நாளொன்றுக்குச் சிலவே. காலையில் வசய் ரோட்டில் இறங்கியவுடனே மாலை வண்டியின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் தாதர் வரை சென்று, வழக்கமான நம்முடைய அந்தக் கூட்டத்திலேயே நின்று வர வேண்டியிருக்கும்.