திருகு இருக்கிறது என்பதற்காக

1970-களின் போர்ஷே 914 காரில், பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு பெட்ரோல் அழுத்தத்தைக் காக்கும் ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. அதில் ஒரு திருகு, அது நகராமல் பிடிக்க ஒரு நட்டு. திருப்பினால் அழுத்தம் கூடும், குறையும். வைக்க வேண்டிய அளவு சுமார் 2 பார். அடுத்து வந்த எல்-ஜெட்ரானிக்கில் பாஷ் அந்தத் திருகையே எடுத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி முத்திரையிட்டது. எடுத்ததைத்தான் இன்று சிவப்பும் நீலமுமாகச் சாயமேற்றி, ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்குத் தனியாக விற்கிறார்கள். வாங்குகிறவர் திருகைப் பார்த்து வாங்குகிறார். அழுத்தம் ஆடாமல் நிற்கிறதா என்பதைப் பார்த்தல்லவா வாங்க வேண்டும்?

திருகை முறுக்கினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும் என்ற கணக்கை 1644-லேயே ஓர் இத்தாலியர் கெடுத்து வைத்துவிட்டார். பாதரசக் குழாயால் பேர்பெற்ற டொரிச்செல்லிதான். தொட்டியில் துளையிட்டால் பீறிடும் நீரின் வேகம், மேலே நிற்கும் நீரின் உயரத்துக்குச் சமமாக ஏறாது. அந்த உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஏறும் என்று அந்த ஆண்டு வெளியான தம் நூலில் எழுதினார். நான்கு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு வேகம், அவ்வளவுதான். பெட்ரோலும் கார்களும் இல்லாத காலத்து விதி, உயரத்தின் இடத்தில் அழுத்தத்தை வைத்தால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுண்துளைக்கும் அப்படியே பொருந்துகிறது. 3 பாரை 4 பாராக்கினால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறும். பெட்ரோலோ 15 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு பெட்ரோல் வேண்டுமென்றால் 12 பார் வேண்டும். அதற்குள் பம்ப் களைத்துவிடும். அழுத்தம் ஏற ஏற அது தள்ளும் அளவு குறைந்துகொண்டே போகும். இவ்வளவு கஞ்சத்தனமான திருகை நம்பி ஒருவர் பந்தயத்துக்குப் போவது எனக்கு வியப்புதான்.

ரெகுலேட்டரின் உண்மையான வேலை வேறு. இன்ஜெக்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் மாறாமல் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உறிஞ்சும். அப்போது வேக்குவம் ட்யூப் வழியே டயஃப்ரம் அதை உணர்ந்து 3 பாரை ஏறக்குறைய 2.4-க்கு இறக்கும். டர்போ 0.7 பார் ஊதினால் 3.7-க்கு ஏற்றும். அந்த ஒன்றுக்கு ஒன்று ஒழுங்கு இருந்தால், எவ்வளவு பெட்ரோல் என்பதை இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்தே இன்ஜினின் கணினியான ஈசியு முடிவு செய்துகொள்ளும். வீட்டில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் அடுப்பின் குமிழைத்தானே திருப்புகிறோம், சிலிண்டர் ரெகுலேட்டரையா?

“இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, கொஞ்சம் ஏற்றினால் என்ன?” என்பார்கள். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள காரில், சாதாரண ஓட்டத்தில் நீங்கள் ஏற்றியதை ஈசியு கவனித்துத் திரும்பக் குறைத்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் மட்டும் மாற்றம் தங்கும். போதாமை உண்மையென்றால் முதலில் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள். அப்படியானால் திருகே வீணா என்றால், இல்லை. ஆக்ஸிஜன் சென்சாரே இல்லாத 914-க்கு அது வேண்டும். பெரிய பம்ப் மாட்டிய காரில், மிஞ்சும் பெட்ரோலை ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திருப்பி அனுப்ப முடியாமல் பழைய ரெகுலேட்டர் திணறி அழுத்தம் தானாக ஏறும். அங்கே பெரிய வாய் கொண்ட ரெகுலேட்டர் வேண்டும். இன்ஜெக்டரின் அளவை எந்த அழுத்தத்தில் சொல்லியிருக்கிறார்களோ, அங்கே கொண்டுவந்து நிறுத்தவும் திருகு உதவும். ஒருமுறை நிறுத்தி நட்டை இறுக்கினால் அதன் வேலை முடிந்தது.

ஆகவே கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: மணிக்கு எத்தனை லிட்டரைத் திருப்பி அனுப்பும், டயஃப்ரம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா, உங்கள் ரிட்டர்ன் லைனின் அகலம் அதற்குப் போதுமா. நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.