இடுப்புக் குழந்தை

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தால் கால் எப்படிக் கோணிக்கொள்ளும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் மண்டியிட்டு மண்ணை அளந்தார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சென்ற வருஷம் பேத்தியுடன் அமெரிக்கா போயிருந்தேன். ஆறு மாதக் குழந்தையாக என்னிடம் வந்தவள். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகவேண்டுமே! என் பெண்ணே கொண்டுவந்து விட்டுவிட்டு, பத்தாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். இரண்டேகால் வயது வரையில் என் இடுப்புத்தான் குட்டிக்கு வீடு. இப்போது அவளைத் தாயிடம் சேர்த்துவிட்டு நான் திரும்பவேண்டும் என்று ஏற்பாடு. விமானத்தில் அவளுக்குத் தனி ஸீட் வாங்கி என்ன பிரயோஜனம்? என் மடியைவிட்டு இறங்கினால்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூ மெக்ஸிகோவில் ஒயிட் ஸாண்ட்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். கோலமாவைக் கொட்டிவைத்தாற்போல் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல். அதன் பக்கத்தில் பனியுகத்தில் பெரிய ஏரி இருந்ததாம். கரைச் சேற்றில் நடந்தவர்களின் காலடிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே நம்மை விடுவதில்லை. மாப்பிள்ளை படம்தான் காட்டினார்.

அமெரிக்காவுக்கு மனிதர்கள் முதலில் எப்படி வந்தார்கள்? கடல் நீரெல்லாம் பனியாக உறைந்து, கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த காலம். சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே தரை தெரிந்தது. அந்த வழியாக, சுமார் 13,000 வருஷங்களுக்கு முன் ஈட்டி பிடித்த வேட்டைக்காரர்கள் வந்தார்கள் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இதே நியூ மெக்ஸிகோவில் க்ளோவிஸ் ஊருக்கருகே 1930-களில் அவர்களுடைய ஈட்டி முனைகள் கிடைத்திருந்தன. படம் போடுகிறவர்களும் மீசை தாடியுடன் ஆண்பிள்ளைகளையே போட்டார்கள்.

2021-ல் அந்தக் கணக்குக்குப் பெரிய அடி விழுந்தது. ஏரிக்கரைச் சுவடுகளில் சிலவற்றுக்கு வயது 21,000 முதல் 23,000 வருஷம் என்று அறிவித்தார்கள். நீர்ச்செடி விதையை நம்பிக் கணக்குப் போடலாமா என்று சிலர் ஆட்சேபித்தார்கள். 2023-ல் பைன் முதலிய மரங்களின் மகரந்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அதே வயதுதான் வந்தது. அந்தச் சுவடுகளில் பெரும்பாலானவை யாருடையவை, தெரியுமா? சிறுவர் சிறுமியருடையவை! ஈட்டிக்காரர் அபூர்வம்.

அவற்றுக்குப் பிந்திய சுவடு ஒன்று உண்டு. அதற்கும் 10,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருத்தி குழந்தையை எடுத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல் நேராக, வேகமாக நடந்திருக்கிறாள். (இளைஞனாகவும் இருக்கலாம் என்கிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.) சேறு வழுக்குகிறது. பாரத்தில் பாதம் அகன்று, வெளிப்புறமாகத் திரும்பிப் பதிகிறது. கை கடுத்தபோது இறக்கிவிட்டிருக்கிறாள். அங்கங்கே சின்னஞ்சிறு பாதம். அவள் போன பிறகு ஒரு மம்மத் யானை அந்தத் தடத்தின் மேலேயே நடந்து போயிருக்கிறது. அவ்வளவு பயங்கரமான இடம்!

"அதே வழியாகத் திரும்பியும் வந்திருக்கிறாள், அத்தை. ஆனால் வரும்போது குழந்தையின் சுவடு இல்லை" என்றார் மாப்பிள்ளை.

"குழந்தை என்ன ஆயிற்று?"

"யாருக்குத் தெரியும்?"

என் பெண் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மணலைப் பார்த்தபடியே, "பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருப்பாள்" என்றாள்.

நான், "இல்லையடி, தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பாள்" என்றேன்.

அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. குட்டி மட்டும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மணலில் பாதத்தைப் பதித்துப் பதித்து, "பாட்டி, பார்! பார்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துத் தனியாகப் புறப்பட்டேன். விமான நிலைய வரிசையில் நின்றபோது, ஒன்றும் இல்லாமலே, என் இடுப்பு இடது பக்கம் ஒடிந்து நின்றது.