கடைக்காரர் கேட்காத கேள்வி

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை ஏறக்குறைய நம் ஊர் செல்போன் கடை மாதிரிதான். கண்ணாடி மேஜைக்குள் வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். பின்னால் தொப்பியும் தாடியுமாக ஒருவர், கேட்டதை எடுத்துக் கையில் கொடுக்கிறார். டெக்ஸாஸில் அப்படியொரு கடைக்கு நண்பர் குடும்பத்தோடு போயிருந்தேன். நண்பர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பல வருஷமாகிறது. பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு. ராத்திரி மூன்று தடவை எழுந்து கதவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தியாவில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை. அங்கே கடையிலேயே 4473 என்று ஒரு படிவம். நிரப்பிக் கொடுத்தால் உங்கள் மேல் குற்றப் பதிவு ஏதாவது உண்டா என்று சரிபார்க்கிறார்கள். 1998-லிருந்து இருக்கிற ஏற்பாடு. பெரும்பாலும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். டெக்ஸாஸில் அதுவும் இல்லை. சுடத் தெரியுமா என்று மத்திய சட்டம் கேட்பதில்லை. ஆக, தெரியாமல் வாங்க வருகிறவருக்கு ஒரே வழிகாட்டி அந்த சேல்ஸ்மேன்தான்.

அவர் நண்பரின் மனைவியைப் பார்த்தார். "மேடம் கைக்கு இதுதான் சரி" என்று குட்டி ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். ரோஸ் கலர் பிடி. அரைக் கிலோகூட இருக்காது. "ஹேண்ட்பேக்ல வெச்சுக்கலாம்!"

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நியூட்டன் ஒப்புக்கொள்ள மாட்டார். குண்டு முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசானது அப்படியே கைக்கு அனுப்பிவிடும். அதே தோட்டாவைப் போட்டு எடையைப் பாதியாக்கினால், உதையின் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழலும் குட்டை என்பதால் குறி பார்ப்பதும் கஷ்டம். நன்றாகப் பழகியவர்களுக்கே சிரமம் தருகிற சமாசாரத்தை முதல் முறை வாங்குகிறவர் தலையில் கட்டுகிறார்கள்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மனசார நம்பியே சொல்லியிருக்கலாம். கடையில் கையில் பிடித்துத்தான் பார்க்க முடியும், சுட்டுப் பார்க்க முடியாதே! பிடிக்க சுகமாக இருப்பது விற்கிறது. உதை வீட்டுக்குப் போன பிறகுதானே தெரியும்? விவரமானவர்கள் முதலில் பயிற்சி மைதானத்தில் வாடகைக்கு எடுத்து நாலைந்து வகையைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள்.

"இதோட பூட்டு ஃப்ரீ" என்றார் அடுத்தபடியாக. கைத்துப்பாக்கியோடு பூட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை இலவசம் என்று விற்கிற சாமர்த்தியத்தை ரசித்தேன். நண்பரின் மனைவிக்குத்தான் சந்தேகம். "ராத்திரி திருடன் வந்தா சாவியைத் தேடிட்டு இருக்கணுமா?"

"அதான் மேடம், நிறைய பேர் பூட்டறதே இல்லை" என்று சிரித்தார்.

இவர்களுடைய ஆறு வயசுப் பெண் அப்போது அதே கடையில் ராணுவத் தொப்பி ஒன்றைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. "யோசிச்சுட்டு வர்றோம்" என்று கிளம்பிவிட்டார்கள். இப்போது வாசலில் பெரிய விளக்கும் அலாரமும் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு கடைக்காரர் உண்டு. 2009-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். கடைக்காரர் மீது சட்டப்படி தப்பில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. பொது சுகாதார ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, மற்ற கடைகளுக்கும் வழிமுறை எழுதிக் கொடுக்க உதவினார். துப்பாக்கியைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள ஆசைப்படாமல் அவசரப்படுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள், சந்தேகம் வந்தால் விற்காதீர்கள் என்பது சாராம்சம். இந்த முயற்சி வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது.

அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். திருடனுக்காக வாங்குகிற பொருள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. அதனால் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சேல்ஸ்மேன் கேட்காவிட்டாலும், வீட்டில் குழந்தை இருக்கிறது, மனசு சரியில்லாத ஒருவர் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா இப்ப வேண்டாம்" என்கிறாரா, ரோஸ் கலரை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்துகிறாரா என்று கவனியுங்கள். அவர் சொல்கிற மற்றதை நம்பலாமா வேண்டாமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.