வாய்க்கால் கரை வழியே



மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிளில் சென்று வருவதை இந்நாளைய இளைஞர் பெரும்பேறாகக் கருதுகின்றனர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையும் கடந்து வந்த கதையை நம் பங்கு இளைஞர் நம்மிடம் வந்து விரித்துரைப்பதுண்டு. "நம்ம ஊர்ல என்ன சாமி இருக்கு? எல்லாம் தட்டை!" என்று ஒருநாள் ஒருவன் சலித்துக்கொண்டான். அவனுக்கு மறுமொழியாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட சிறு நிலம். கிழக்கே வங்கக் கடல்; மற்றப் புறங்களில் தமிழ்நாடு. 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற இப்பகுதி, 1954 நவம்பர் 1-இல் இந்திய ஆட்சியின்கீழ் வந்து, 1962-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. இதன் தலைநகரோ வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி. திருச்சபை நிர்வாகத்திலும் இதே நிலைதான். சுற்றியுள்ள ஊர்கள் தஞ்சை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. காரைக்கால் புதுவை - கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆதலால் சில இடங்களில் ஒரு மதகைக் கடந்தால் ஆட்சியும் மாறும், ஆயரும் மாறுவார்!

இங்கே விரைந்து செல்லும் சாலைகள் உண்டு. வடக்கே பூவத்திலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை செல்லும் கடற்கரை நெடுஞ்சாலை ஒன்று. திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் நோக்கிச் செல்லும் மேற்குச் சாலை மற்றொன்று. சனிக்கிழமைகளில் சனீசுவரர் சந்நிதிக்கு வரும் வண்டிகளால் இச்சாலை நிரம்பி வழியும். இவற்றிற்கு இடையே நெடுங்காடு, குரும்பகரம், வரிச்சிக்குடி போன்ற ஊர்களைச் சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன சிறு சாலைகள். நூறு அடி நேராகச் செல்லும் சாலையை அங்கே காண்பது அரிது.

தட்டையான நிலத்தில் சாலை ஏன் வளைய வேண்டும்? இக்கேள்விக்கு நமக்கு விடை கூறியவர், வாய்க்கால்களில் தண்ணீர் திறந்துவிடும் பணியைப் பல ஆண்டுகள் பார்த்து ஓய்ந்த ஒரு முதியவர். "மலையில ரோட்டை வளைக்கிறது கல்லு. இங்க வளைக்கிறது தண்ணி, சாமி" என்றார். சமவெளியில் அரை அடி மேடும் பள்ளமும் தண்ணீரின் போக்கை மாற்றிவிடும். கடைசி வயலுக்கும் பாய வேண்டுமாயின் வாய்க்கால் மேட்டையே ஒட்டி, நெளிந்து நெளிந்துதான் செல்ல வேண்டும். வாய்க்கால் வெட்டிய மண் கரையாயிற்று, மழைக்காலத்தில் சேறு படாமல் நடக்க மக்கள் கரைமேல் நடந்தனர், பின்பு வண்டித் தடமாயிற்று, கப்பி இட்டனர், தார் இட்டனர். ஆகவே இன்று நாம் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துத் திருப்பும் ஒவ்வொரு வளைவும், என்றோ ஒரு குடியானவன் தண்ணீருக்குக் காட்டிய வழியே ஆகும்.

அத்தண்ணீரும் எளிதில் வருவதன்று. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு, நண்டலாறு என எத்தனையோ பெயர்களில் ஓடினாலும், இவை யாவும் காவிரியின் கடைசிக் கிளைகள். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. வழியெல்லாம் வயல்கள் குடித்தது போக எஞ்சியதே கடைமடையாகிய இங்கு வந்து சேரும். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கென 7 டி.எம்.சி. தண்ணீரை ஒதுக்கியது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வளவையே உறுதி செய்தது. ஆனித் திங்களில் புழுதி பறக்கும் அதே கரை, ஐப்பசியில் இருபுறமும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்கும். தை பிறந்தால் பொன் விளைந்து தலைசாய்ந்து நிற்கும். காலைத் திருப்பலி முடிந்து அவ்வழியே செல்கையில், மடையான்கள் வண்டியின் ஓசைக்கு எழுந்து சிறிது பறந்து மீண்டும் அதே வரப்பில் அமர்வதைக் காண்பது தனி இன்பம்.

இச்சாலைகளில் செல்வோருக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. உழவு இயந்திரத்தின் சக்கரம் உதிர்த்துச் செல்லும் களிமண், ஒரு தூறல் பட்டாலும் எண்ணெய்போல் வழுக்கும். சாலையில் காயப்போட்ட நெல்மணிகள் சக்கரத்தின் கீழ் உருண்டு வண்டியைக் கவிழ்த்துவிடும். வளைவுக்குள் புகுந்தபின் பிரேக் பிடிப்பவன் விழுவான். புகுமுன் வேகத்தைக் குறைப்பவன் பிழைப்பான். குருமடத்தில் நமக்கு இலத்தீன் கற்பித்த ஆசிரியர், "மெல்ல விரைக" என்னும் பழமொழியை அடிக்கடி சொல்வார். அதன் பொருள் நமக்கு வகுப்பறையில் விளங்கவில்லை. வாய்க்கால் கரையில்தான் விளங்கிற்று.

ஆனால் அதையும் நாம் முழுமையாகக் கற்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து மாலை ஒன்றில், மேற்சொன்ன முதியவருக்கு மிகவும் முடியவில்லை என்று செய்தி வந்தது. நோயில் பூசுதலுக்குரிய எண்ணெயும் நற்கருணையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரைப் பின்னால் அமர்த்திப் புறப்பட்டோம். பேருந்துச் சாலையில் சென்றால் இருபது நிமிடம். கரை வழி சென்றாலும் அவ்வளவுதான் ஆகும் என்று எண்ணினோம். மாலை வெயில் வயலில் விழுந்து கிடந்தது. உள்ளபடி கூறினால், அதைக் காணும் ஆசையே நம்மைக் கரை வழிக்குத் திருப்பியது. உபதேசியார், "மெயின் ரோட்டுலயே போயிடலாமே சாமி" என்றார். நாம் கேட்கவில்லை.

பாதி வழியில் அறுவடை இயந்திரம் ஒன்று கரையை முழுதும் அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் வயல். அது பின்னோக்கிச் சென்று இறங்குவதற்கு இடம் தேடி, வயலில் இறங்கும்வரை இருபது நிமிடத்திற்கு மேல் நின்றோம். நாம் வீட்டை அடைந்தபோது முதியவர் உயிர் பிரிந்திருந்தது. இறந்தோருக்குரிய செபங்களையே சொல்ல நேர்ந்தது.

அவருடைய மகள் நம்மை நொந்துகொள்ளவில்லை. "கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க சாமி" என்றார். பிறகு நம் காலிலிருந்த சேற்றைப் பார்த்து, "கரை வழியாவா வந்தீங்க? அறுப்பு நேரத்துல அங்க மெஷின் நிக்கும்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்வாங்களே" என்றார். அவர் நம்மிடமும் சொல்லியிருந்தார். திரும்பும்போது உபதேசியாரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

அன்று முதல் நமக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டோம். ஒருவர் நமக்காகக் காத்திருக்கையில் நேர்வழியே செல்வது. நமக்காக எவரும் காத்திராதபோது மட்டும் கரை வழி. அழகு அங்கேயேதான் இருக்கும், காத்திருப்பவர் இருக்கமாட்டார்.

சென்ற தை மாதத்தில், "எல்லாம் தட்டை" என்று சலித்த அந்த இளைஞனை, காலையில் ஓய்வான வேளை பார்த்து, நம் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கரை வழியே சென்றோம். மதகு ஒன்றின் அருகே நிறுத்தினோம். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு கண்ணிகளில் ஓடுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "இந்த ரோடு ஏன் சாமி இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்று கேட்டான். முதியவர் நமக்குச் சொன்னதை, அவர் சொன்னபடியே அவனுக்குச் சொன்னோம்.

வாசக அன்பர்களும் வாய்ப்பு நேரும்போது இவ்வழிகளைக் கண்டு செல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் பசுமையைக் காணலாம். அறுப்புக் காலத்தில் அவசர வேலையாக வருவோர் மட்டும் நேர்வழியே வருக.