நாய்க்கு ஓர் இலை

கடலூர்க் கடற்கரைக்கு வர உத்தேசித்திருக்கும் சென்னை நண்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய நாயும் கூட வருகிறதாம். இருவருமாக உட்கார்ந்து சாப்பிடத்தக்க ஹோட்டல் எதுவென்று விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். நாயோ சைபீரியப் பனிநாட்டு ஜாதி. ராஜபாளையமும் கோம்பையும் பிறந்த நாட்டில் அதை ஏன் வாங்கினார் என்பது வேறு விஷயம். கடலூர் வெயிலில் அதற்கு உகந்த இடம் ஐஸ் பாக்டரிதான் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

விசாரித்த வரையில், வடக்கே புதுச்சேரிக்குத்தான் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. அங்கே மரநிழலில் நாற்காலி போட்டிருக்கும் சில காபி விடுதிகளின் முற்றத்தில் நாயும் விருந்தாளிதான். நம் ஊர் ஹோட்டல்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. உணவு விடுதிக்குள் பிராணிகளை விடலாகாது என்று 2011-ஆம் வருஷத்து விதிகளே சொல்கின்றன. புதுச்சேரிக்கும் விதி அதுவே. முற்றம் என்பது உள்ளா வெளியா என்பதை வக்கீல்கள் தீர்மானிக்கட்டும்.

வாசலில் தடை என்றதும் பழைய பலகையொன்று நினைவுக்கு வருகிறது. சிட்டகாங்கில் பஹார்தலி ஐரோப்பியர் கிளப்பின் வாசலில், நாய்களுக்கும் இந்தியருக்கும் அனுமதியில்லை என்று எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். 1932 செப்டம்பரில் அந்தக் கிளப்பைத் தாக்கி உயிர் நீத்த பிரீதிலதா வத்தேதாருக்கு வயது 21. இன்று பலகை போயிற்று; நாம் உள்ளே வந்துவிட்டோம். நாய் மட்டும் பின்வாசலில் நிற்கிறது.

அந்தப் பின்வாசலைக் காண விரும்புவோர் முகூர்த்த நாளில், கடலூருக்கு மேற்கே, கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரத்துக்குப் போக வேண்டும். நல்ல முகூர்த்தமென்றால் தேவநாதப் பெருமாள் சந்நிதியை நம்பி ஒரே நாளில் 100 கல்யாணங்களுக்கு மேல் நடப்பதுண்டு. மலையடிவாரமெங்கும் மேளச் சத்தம். பந்தி முடிந்ததும் எச்சில் இலைகள் கூடை கூடையாகக் கொல்லைப்புறம் போகின்றன. பாதி கடித்த லட்டு, தொடாத அப்பளம், சாம்பார் சோறு எல்லாம் அங்கே நாய்களுக்கு விருந்து. மார்கழி பிறந்தால் கல்யாணமில்லை, இலையுமில்லை. விருந்துண்டு பெருகிய நாய்க்கூட்டம் அப்போது பட்டினி கிடக்கிறது. குழந்தையின் கையிலுள்ள பிஸ்கோத்து அபாயமாவது அந்த நாட்களில்தான்.

வெறிநோய் முற்றியபின் பிழைத்தவர் மிக அரியர். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்; ஊசி அங்கே இலவசம். ஆனால் ஊசி முதலில் போய்ச் சேர வேண்டியது நாய்க்கு. 100 நாய்களில் 70-க்குப் போட்டு வந்தால் நோய் பரவும் வழி அடைபடும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஊசி போட நாய் கைக்கு அகப்பட வேண்டும். அகப்பட வேண்டுமானால், அது தினந்தோறும் ஒரே இடத்தில், தெரிந்த மனிதரின் கையால் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். உணவு வைப்பதற்கு இடம் குறிக்க வேண்டுமென்று 2023-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. கண்ட தெருவிலெல்லாம் சோறு போடாமல் குறித்த இடத்தில் போட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஆகஸ்டு 22-ல் சொல்லியிருக்கிறது. கல்யாண மண்டபக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் சேர்ந்தால் இதற்கு ஒரு மூலை கிடைக்காதா?

திருவந்திபுரத்து மண்டபமொன்றில் வயதான சமையற்காரர் ஒருவர், பந்தி முடியுமுன்பே ஒரு வாளியில் பருப்புச் சோறு பிசைந்து புளியமரத்தடிக்குக் கொண்டுபோனதைப் பார்த்தோம். ஆறு நாய்கள் வந்தன. குரைப்பில்லை, சண்டையில்லை. கருத்தடை செய்து ஊசி போட்டதற்கு அடையாளமான சிறு வெட்டு ஒன்றின் காதில் இருந்தது. மற்ற ஐந்தின் காதுகளும் முழுசாக இருந்தன.